தேவியின் கணுக்கால்

"அம்மா, நான் பாலே படிக்கப் போறேன்" என்று போனில் சொன்னதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அம்மா கேட்டாள்: "எந்த ட்ரூப்பாக்கும்? நீ என்ன வேஷம் கெட்டுத?"

சிரிக்காதீர்கள். எங்கள் ஊரில் அது நியாயமான கேள்வி.

எங்கள் ஊர் பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவில் இருக்கிறது. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், சந்தையில் எது முதலில் வாயில் வருகிறதோ அது. 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டுப் பக்கம் போனது, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளப் பக்கம் நின்றது. மாமா வீட்டுக்குப் போக வேறு மாநிலத்துக்குப் போகணும். செருப்பு கூடத் தேவையில்லை, அவ்வளவு கிட்ட. இந்த இடத்தில் 'இரண்டு மொழிகளுக்கு நடுவே பேலன்ஸ்' என்று ஒரு பாரா எழுத வாய்ப்பு இருக்கிறது. எழுதப் போவதில்லை. இந்தப் பதிவு காலைப் பற்றியது.

திருவனந்தபுரம் ஜில்லாவில் வளர்ந்த யாரிடம் 'பாலே' என்றாலும் அவர்கள் கண்ணில் முதலில் வருவது வெள்ளைக் கவுனும் அன்னப்பறவையும் இல்லை. கோயில் உற்சவம்தான் வரும். மாசி பங்குனியில் நோட்டீஸ் ஒட்டுவார்கள். காலையில் பொங்கல், சாயங்காலம் செண்டைமேளம், ராத்திரி ஒன்பதரைக்கு பாலே. ஒன்பதரை என்று போட்டால் பத்தரைக்குத்தான் தொடங்கும், அதுவும் எல்லாருக்கும் தெரியும். திருவனந்தபுரத்திலிருந்து லாரியில் சாமான் வரும்: வரைந்த திரைகள், சுழலும் மேடை, புகை விடும் பெட்டி, ஜிகினா கிரீடங்கள். கதை புராணக் கதைதான், அசுரனைத் தேவி கொல்வாள், இல்லையென்றால் ஐயப்பன் புலிப்பால் கொண்டுவருவார். வசனமும் பாட்டும் முன்கூட்டியே பதிவு செய்தது; நடிக்கிறவர்கள் வாயை மட்டும் அசைப்பார்கள். நாங்கள் வயலில் பாய் விரித்து, கடலைப் பொட்டலம் வாங்கிக்கொண்டு, கொசுவை அடித்துக்கொண்டு பார்ப்போம்.

எனக்கு ஒன்பது வயசு இருக்கும். அந்த வருஷம் முன்னால் இடம் கிடைக்கவில்லை. மேடைக்கு இடது பக்கம், மூங்கில் கழி நட்டிருந்த மூலையில் பாட்டியின் மடியில் உட்கார்ந்திருந்தேன். கடைசிக் காட்சி. அசுரன் மல்லாந்து கிடக்கிறான். தேவி ஒரு காலை அவன் நெஞ்சில் ஊன்றி, மற்றக் காலை மடக்கித் தூக்கி, சூலத்தை ஓங்கிக்கொண்டு நிற்கிறாள். சிவப்பு வெளிச்சம், சங்கு, குரவை. ஜனம் எழுந்து நின்று கும்பிடுகிறது. நான் உட்கார்ந்திருந்த மூலையிலிருந்து மட்டும் இன்னொன்று தெரிந்தது. அசுரனின் வலது கை, கருப்புச் சாயம் பூசிய கை, தேவியின் கணுக்காலை இறுக்கிப் பிடித்திருந்தது. அவள் கால் நடுங்கும்போதெல்லாம் அந்தக் கை கொஞ்சம் இறுகியது.

பாட்டியிடம் சொன்னேன். "சும்மா இரு மக்களே" என்றாள்.

அதற்கு முப்பத்திரண்டு வருஷம் கழித்து, சென்னையில் ஒரு மாடி ஹாலில், என்னைவிடப் பதினைந்து வயது சின்னப் பெண்ணை 'மிஸ்' என்று கூப்பிட்டுக்கொண்டு, சுவரில் அடித்திருந்த மரக்கம்பைப் பிடித்து நின்றேன். அவர் என்னை 'அக்கா' என்பார். பெரியவர்களுக்கான வகுப்பு அது. ஒரு பல் டாக்டர், ரெண்டு ஐ.டி. பெண்கள், பேங்கில் வேலை பார்க்கும் ஒரு தம்பி, நான். எல்லாருமே உடம்பைக் கண்டு வெட்கப்படும் வயதைத் தாண்டியவர்கள், அல்லது தாண்டிவிட்டதாக நினைத்துக்கொண்டவர்கள்.

அந்தக் கம்புக்குப் பெயர் பார். வகுப்பில் பாதி நேரம் அதைப் பிடித்துக்கொண்டுதான். பிடிப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. முதல் நாள் நான் பஸ் கம்பியைப் பிடிப்பதுபோல் பிடித்தேன். மிஸ் வந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, உள்ளங்கையை மட்டும் மேலே வைத்தார். "தூங்குற குழந்தை மேல கை வைக்கிற மாதிரி, அக்கா." இறுக்கிப் பிடித்தால் கம்புதான் நிற்கும், நாம் நிற்க மாட்டோம் என்பது பிறகு புரிந்தது.

சின்ன வயதில் நாலு வருஷம் பரதம் கற்றவள் நான். அரைமண்டி எனக்குத் தண்ணீர் பட்டபாடு. ஆகவே ப்ளியே என்று சொல்லி முட்டியை வெளிப்பக்கமாக மடக்கச் சொன்னபோது, 'இவ்வளவுதானா' என்று அழகாக உட்கார்ந்தேன். உட்கார்ந்தே இருந்தேன். மிஸ் காத்திருந்தார். மற்ற எல்லாரும் இறங்கி ஏறி, இறங்கி ஏறி முடித்துவிட்டார்கள். "அக்கா, அங்கேயே குடியிருக்காதீங்க" என்றார்.

வித்தியாசம் அதுதான். அரைமண்டி வீடு, ப்ளியே வழி. பரதத்தில் அங்கே உட்கார்ந்துதான் எல்லாமே நடக்கிறது. உடம்பின் கனம் தாழ இருக்கும், பாதம் முழுசாகத் தரையில் இருக்கும், தட்டுவதற்குத் தரை கிட்டத்தில் இருக்கும். பாலேயில் தாழ்வது குதிக்கவோ, நுனிக்காலில் ஏறவோ, சுழலவோ மட்டும். ஒரே மடிப்பு, ஒரே மாதிரி திரும்பிய இடுப்பு, போகிற திசை நேர் எதிர். எங்கள் பக்கத்தில் மூன்றாவதாக ஒன்றும் உண்டு. கதகளிக்காரர் நிற்கும் காலைக் கவனித்திருக்கிறீர்களா? பாதத்தின் வெளி விளிம்பில் நிற்பார், கால்விரல் மேலே மடங்கியிருக்கும். ஒரு பாதத்தில் இருப்பது 26 எலும்பு. அதை முழுசாக ஊன்றலாம், விளிம்பில் சாய்க்கலாம், நுனியில் நிறுத்தலாம். எந்த ஆட்டமானாலும் முதலில் தீர்மானிப்பது தரையோடு எந்த இடத்தில் பேசுவது என்பதைத்தான்.

பாட்டியைப் பற்றிச் சொல்லணும். வாரத்தில் ரெண்டு நாள் களியக்காவிளைச் சந்தைக்கு மரச்சீனிக் கிழங்கு சுமந்துகொண்டு போவாள். பழைய முண்டுத் துணியை முறுக்கிச் சுற்றிச் சும்மாடு. அதன் மேல் பெட்டி. போகிற வழியில் தோட்டைத் தாண்ட ஒற்றைத் தென்னந்தடிப் பாலம். மழைக்காலத்தில் பாசி பிடித்து வழுக்கும். நான் பின்னால் உட்கார்ந்து தவழ்ந்துதான் தாண்டுவேன். பாட்டி நடந்தே போவாள், வெற்றிலையை மென்றுகொண்டு, கைகூடக் கொடுக்காமல். கழுத்துக்கு மேலே எதுவும் அசையாது. இடுப்புக்குக் கீழேதான் எல்லாம் நடக்கும். கண் அக்கரையில் நிற்கும் புளியமரத்தில் இருக்கும். "தண்ணியப் பாத்தா தண்ணி இழுக்கும், மரத்தப் பாரு" என்பாள்.

தலைச்சுமைப் பெண்களைப் பற்றி 1986-ல் நேச்சர் இதழில் ஒரு ஆய்வு வந்தது. கென்யாவின் லுவோ பெண்கள் தங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்குவரை தலையில் சுமந்து நடக்கும்போது, வெறுங்கையோடு நடப்பதைவிட அதிகமாக மூச்சோ சக்தியோ செலவாகவில்லை என்று கண்டார்கள். பாட்டியின் பெட்டி அந்தக் கணக்கைவிடக் கனமானது. ஆனால் மிஸ் "தலை உச்சியில யாரோ நூல் கட்டி இழுக்கிறாங்கன்னு நெனச்சுக்குங்க" என்றபோது எனக்கு நூல் பிடிபடவே இல்லை. தலையில் மரச்சீனிப் பெட்டி இருப்பதாக நினைத்துக்கொண்டேன். கழுத்து தானாக நீண்டது. மேலே ஏற வேண்டுமென்றால் தரையைக் கீழே தள்ள வேண்டும் என்பதும் அப்போதுதான் புரிந்தது. சுமக்கிறவளுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மூன்றாவது மாதம் ஒற்றைக் காலில் நிற்பது வந்தது. ஒரு காலின் முன்பாதத்தில் ஏறி, மற்றக் காலை மடக்கி விரல் நுனியை முட்டியில் வைத்து, மெதுவாகக் கம்பிலிருந்து கையை எடுக்கணும். நான் கையை எடுத்த மறு நொடி கம்பு என் கைக்குத் தானாக வந்துவிடும். பல் டாக்டர் நாலு நொடி நிற்பார். பேங்க் தம்பி ஆறு. நான் ஒன்றரை. ஆத்திரத்தில் உடம்பு முழுவதையும் இறுக்கிக் கல்லாக நிற்கப் பார்த்தேன். கல் தூண்போல நேராகச் சாய்ந்தேன்.

மிஸ் என்னை உட்காரவைத்து, தான் ஏறி நின்றார். "முகத்தப் பாக்காதீங்க, கணுக்காலப் பாருங்க." குனிந்து, அரை அடி தூரத்தில் பார்த்தேன். மேலே ஒரு சிலை நிற்கிறது. கீழே கணுக்காலில் பெரிய கலவரம். முன் நரம்பு துடிக்கிறது, பின் நரம்பு துடிக்கிறது, உள்பக்கம், வெளிப்பக்கம், ஒரு நொடிக்குள் எத்தனை தடவை என்று எண்ண முடியவில்லை. அவர் ஒவ்வொரு கணமும் விழுந்துகொண்டிருந்தார், ஒவ்வொரு கணமும் விழாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் துடிப்பை நான் இத்தனை நாள் தோல்வி என்று நினைத்து அடக்கிக்கொண்டிருந்தேன். "கால் ஆடுதுன்னா வேல செய்யுதுன்னு அர்த்தம், அக்கா" என்றார்.

அசையாமல் நிற்பது என்று ஒன்று கிடையவே கிடையாது. ஆட்டம் எங்கே தெரியணும், எங்கே தெரியக்கூடாது என்பதுதான் பாடம். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். சொன்னாராம். எனக்கு நினைவில்லை.

வீட்டில் எனக்குப் பார் அடுப்புத் திண்டுதான். சாதம் மூன்று விசில் வருவதற்குள் வலது கால், அடுத்த மூன்றுக்குள் இடது. கண்ணை மூடிக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று பாருங்கள், கிட்டத்தில் பிடிக்க ஏதாவது இருக்கட்டும். திறந்த கண்ணோடு ஒரு நிமிஷம் நிற்கிறவர்கள் மூடியதும் சில நொடியில் தடுமாறுவார்கள். உடம்பு நிலையாக நிற்பதற்கு மூன்று பேர் சாட்சி சொல்கிறார்கள்: கண், உள்காது, பாதத்திலும் மூட்டிலும் இருக்கும் உணர்வு. ஒரு சாட்சியை வெளியே அனுப்பினால் மற்ற ரெண்டு பேருக்கு வேலை கூடுகிறது. மிஸ் அதற்காகவே சில நாள் எங்களைக் கண்ணாடிக்கு முதுகு காட்டி நிற்கச் சொல்வார். கண்ணாடியைப் பார்த்துப் பழகியவர்கள் கண்ணாடி இல்லாத மேடையில் அனாதையாகிவிடுவார்களாம்.

சுழலும்போது கதை வேறு. காதுக்குள் மூன்று வளைந்த குழாய், அதில் நீர். நாம் சுற்றினால் அதுவும் சுற்றும். நாம் நின்ற பிறகும் அது உடனே நிற்காது, அதனால்தான் தலை சுற்றுகிறது. பாலேக்காரர்கள் இதற்கு ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். கண்ணை ஒரு புள்ளியில் நிறுத்தி, உடம்பு திரும்பத் திரும்பத் தலையைப் பிடித்துவைத்து, கடைசி நொடியில் வெடுக்கென்று திருப்பி மறுபடி அதே புள்ளிக்கு வந்துவிடுவார்கள். எனக்கு அந்தப் புள்ளி ஹாலின் ஃபயர் எக்ஸ்டிங்குவிஷர். பாட்டிக்குப் புளியமரம்.

2013-ல் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 29 பாலேக்காரிகளையும் 20 துடுப்புப் படகோட்டும் பெண்களையும் இருட்டறையில் நாற்காலியில் வைத்துச் சுற்றிவிட்டுப் பார்த்தார்கள். பாலேக்காரிகளுக்குத் தலைசுற்றல் சீக்கிரம் நின்றது. காதிலிருந்து வரும் செய்தியை வாங்கும் சிறுமூளைப் பகுதி அவர்களுக்குச் சிறியதாக இருந்தது. வருஷக்கணக்கான பயிற்சியில் மூளை, 'காது சொல்வதை அப்படியே நம்பாதே' என்று பழகிவிடுகிறது. நாற்பத்தொரு வயதில் தொடங்கிய என் சிறுமூளை இன்னும் காது சொல்வதை அட்சரம் பிசகாமல் நம்புகிறது. ரெண்டு சுற்று போதும், சுவரைப் பிடிக்கணும்.

அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். பிரெஞ்சு ராஜா பதினாலாம் லூயி 1661-ல் நாட்டியத்துக்கென்று அகாடமி வைத்தாரே, அந்த பாலேயின் பெயர் எங்கள் ஊர் வயலில் பாய் விரித்த ஆட்டத்துக்கு எப்படி வந்தது?

நடனக் கலைஞர் உதய்சங்கர் 1923-ல் லண்டனில் ரஷ்ய பாலே மேதை அன்னா பாவ்லோவாவோடு ஆடினார். இந்தியாவுக்குத் திரும்பி, வசனமில்லாமல் ஆட்டத்தால் கதை சொல்லும் பெரிய மேடை நிகழ்ச்சிகளை உருவாக்கினார். அவற்றுக்கும் பாலே என்றே பெயர் விழுந்தது. இந்தப் பக்கம் சம்பக்குளத்தில் 1908-ல் பிறந்த குரு கோபிநாத், கதகளியிலிருந்து வந்து திருவிதாங்கூர் அரண்மனையின் நடனக் கலைஞர் ஆனார், கேரள நடனம் என்று ஒரு பாணியையே வகுத்தார். வட்டியூர்க்காவில் அவர் பெயரில் நடனகிராமம் இருக்கிறது. அவரிடம் கற்ற பூஜப்புரைச் சகோதரிகள்தான் லலிதாவும் பத்மினியும். நம் 'நாட்டியப் பேரொளி' பத்மினி சினிமாவில் முதலில் தலைகாட்டியது உதய்சங்கரின் 'கல்பனா'வில், 1948-ல், அதுவும் சென்னை ஜெமினி ஸ்டுடியோவில் எடுத்தது. இத்தனை கையும் கோத்திருக்கும்போது, சொல் ஒன்று லண்டனிலிருந்து திருவனந்தபுரம் வந்து, அங்கிருந்து லாரி ஏறி எங்கள் வயலுக்கு வந்ததில் ஆச்சரியம் இல்லை. இந்த வழி என் ஊகம்தான். ஆனால் அம்மா தவறாகக் கேட்கவில்லை என்பது ஊகமில்லை.

பாவ்லோவா இல்லையென்றால் ருக்மிணி தேவியும் வேறு பாதையில் போயிருப்பார். 1928-ல் பம்பாயில் பாவ்லோவாவின் ஆட்டத்தைப் பார்த்தார். பிறகு ஆஸ்திரேலியா போகும் கப்பலில் ரெண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள். பாவ்லோவா குழுவின் கிளியோ நோர்டியிடம் ருக்மிணி தேவி பாலே கற்றார். 'உங்கள் நாட்டு ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள்' என்று தூண்டியதும் பாவ்லோவாதான். அதன் பிறகுதான் பரதத்தின் முன்வடிவான சதிர், அதைக் கற்றுத்தந்த பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, 1935-ல் அடையாறில் முதல் ஆட்டம், 1936-ல் கலாக்ஷேத்ரா. பரதத்தின் அரைமண்டிக்குப் போகும் வழியில் ருக்மிணி தேவி முதலில் பிடித்தது பாலே கம்பைத்தான் என்பதை எங்கள் பரத டீச்சர் ஒரு நாளும் சொன்னதில்லை.

எதிர்த்திசையிலும் ஒரு போக்கு உண்டு, அது இன்னும் பழையது. 1838-ல் புதுச்சேரிக்கு அருகே திருவந்திபுரத்திலிருந்து அம்மணி என்ற பெண்ணும் இன்னும் சில தாசிகளும் நட்டுவனார் குழுவோடு பாரிஸ் போய் ஆடினார்கள். பார்த்து மயங்கி எழுதியவர்களில் தியோஃபில் கோத்தியே ஒருவர். மூன்று வருஷம் கழித்து 'ஜிசெல்' பாலேக்குக் கதை எழுதியவர்களில் அவரும் ஒருவர். அம்மணியைச் சிற்பி ஒருவர் சிலையாகவும் வடித்தார். பாரிஸில் அதற்கு முன்பே தாசிகளைப் பற்றி பாலே இருந்தது, நிஜ தாசியைப் பார்க்காமலேயே எழுதியது. நேரில் பார்த்தபின் என்ன நினைத்தார்களோ. தரையைத் தட்டும் காலும் தரையை விட்டு ஏறத் துடிக்கும் காலும் ஒரே ஊரில் ஒரே பருவத்தில் ஆடியிருக்கின்றன. அந்த ராத்திரிகளில் ஒன்றுக்கு டிக்கெட் கிடைத்தால் என் ரெண்டு ஜோடி பாயின்ட் ஷூவையும் கொடுத்துவிடுவேன்.

பாயின்ட் ஷூ, அதாவது நுனிக்காலில் நிற்கப் போடும் ஷூ, என்றதும் ஒரு வெட்கக்கேடு. ஐந்தாவது மாதம், மிஸ்ஸிடம் கேட்காமல், ஆன்லைனில் ஒரு ஜோடி வாங்கினேன். அளவு பெரிசு. இன்னொன்று வாங்கினேன். அது சின்னது. உள்ளே இரும்பு இருக்கும் என்று நினைத்துக் குத்திப் பார்த்தேன். துணியும் காகிதமும் பசையும்தான், அடுக்கடுக்காக ஒட்டிக் காயவைத்தது. நம்மூர்ப் பொம்மைத் தலை செய்வது மாதிரி. ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு அடுப்புத் திண்டைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். நகம் ஒன்று கறுத்துப் போனது. கணுக்காலில் பலம் வர வருஷங்கள் ஆகும், அதற்கு முன் ஏறக்கூடாது என்று குழந்தைகளுக்கே பாடம் இருக்கிறது. நொண்டிக்கொண்டு வகுப்புக்குப் போனேன். மிஸ் ஒன்றும் கேட்கவில்லை. என்னை மட்டும் அன்றைக்கு முழுவதும் தரையில் உட்காரவைத்து, கால்விரலால் துண்டைச் சுருட்டச் சொன்னார். அவமானம்தான். ஆனால் பாதத்தின் அடியில் அத்தனை தசை இருப்பது அன்றுதான் தெரிந்தது.

தேவியின் கணுக்காலை எனக்கு மறுபடி நினைவூட்டியது சாய்கோவ்ஸ்கி. 'தூங்கும் அழகி' பாலே, 1890-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் முதலில் ஆடியது. அதில் இளவரசி ஒற்றைக்கால் நுனியில் நிற்பாள். நாலு ராஜகுமாரர்கள் ஒவ்வொருவராக வந்து கை கொடுப்பார்கள். ஒருவன் கையை விட்டு, அடுத்தவன் கையைப் பிடிக்கும் முன், இரண்டு கையும் தலைக்கு மேலே போகும். அந்த இடைவெளிக்காகத்தான் ஜனம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறது. மிஸ் வீடியோ போட்டுக் காட்டியபோது மற்றவர்கள் இளவரசியைப் பார்த்தார்கள். நான் ராஜகுமாரர்களின் கையைப் பார்த்தேன். அவள் பிடித்த கை அசையாமல் கம்பாக நிற்கணும். அந்தப் பையன்களின் தோள் படும் பாட்டை யாரும் கவனிப்பதில்லை. அங்கே கை எல்லாருக்கும் தெரிய நீள்கிறது, எங்கள் ஊரில் அதை அசுரனுக்குக் கொடுத்துக் கீழே ஒளித்துவைத்தார்கள். எனக்கு எங்கள் ஊர் ஏற்பாடுதான் பிடித்திருக்கிறது. கொல்லப்படுகிறவனே கொல்கிறவளை விழாமல் பிடித்துக்கொள்கிறான்.

போன பங்குனியில் உற்சவத்துக்கு ஊருக்குப் போனேன். பாட்டி இல்லை. தென்னந்தடிப் பாலம் இருந்த இடத்தில் கான்கிரீட் பாலம், கைப்பிடிச் சுவரோடு. ராத்திரி பத்தரைக்கு பாலே தொடங்கியது. இப்போது பாய் இல்லை, பிளாஸ்டிக் நாற்காலி. அம்மா முன்வரிசையில் இடம்பிடித்து வைத்திருந்தாள். நான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இடது மூலைக்குப் போனேன். "அங்க போயி இருந்தா என்னத்தத் தெரியும்?" என்று திட்டிக்கொண்டே அம்மாவும் பின்னால் வந்தாள்.

கடைசிக் காட்சி வர மணி ஒன்றரை. அசுரன் செத்து விழுந்தான். வெளிச்சம் அணைந்து மறுபடி வந்தபோது அங்கே கிடந்தது ஃபைபரில் செய்த அசுரன். நடித்தவர் உள்ளே போய்விட்டார். தேவி அதன் நெஞ்சில் ஏறினாள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. ஒரு காலை மடக்கித் தூக்கினாள். பிடிக்கக் கை இல்லை. சங்கு ஊதியது, குரவை எழுந்தது. நான் முன்னால் குனிந்தேன். ஃபைபர் வழுவழுப்பின் மேல் அவள் பாதம் விரல்களை அகல விரித்துப் பிடித்திருந்தது. சிவப்புச் சாயத்துக்குக் கீழே கணுக்கால் துடித்துக்கொண்டிருந்தது, முன்னும் பின்னும், விடாமல். சூலத்தின் அடிமுனையை யாருக்கும் தெரியாமல் அசுரனின் தோளுக்குப் பின்னால் பலகையில் ஊன்றியிருந்தாள். அதைத் தூங்குகிற குழந்தையின் மேல் கை வைப்பதுபோல் மெல்லத்தான் பிடித்திருந்தாள்.

நான் மனசுக்குள் எண்ணினேன். ஒன்பது, பத்து, பதினொன்று.

"எல்லாரும் மொகத்தப் பாத்துக் கும்பிடுதாவ. நீ அங்க என்னத்தப் பாக்குத?" என்றாள் அம்மா.

"காலு."

அம்மாவும் குனிந்து பார்த்தாள். திரை விழுகிற வரைக்கும் பார்த்தாள்.

"பாவம்" என்றாள். பிறகு, "ஒனக்க மிஸ்சு எத்தற எண்ணுவாவ?"